போருக்குப் பிந்தைய காலனி பட்ஜெட்டைப் படிப்பது எப்படி? 1918 முதல் 1924 வரையிலான பிரிட்டிஷ் இந்திய நிதி அறிக்கைகளுக்கு முழுமையான வழிகாட்டி

காலனி அரசின் பட்ஜெட் ஏட்டை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் நேராகப் பற்றாக்குறை எவ்வளவு என்ற வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் முதல் உலகப் போர் முடிந்த ஐந்தாறு ஆண்டுகளில் இந்தியப் பட்ஜெட்டில் கணக்கு எழுதும் முறை, நாணய மாற்று விகிதம், மத்திய–மாகாணப் பங்கீடு மூன்றுமே மாறின. இந்த மாற்றங்களைச் சரிக்கட்டாமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் கிடைக்கும் முடிவு தவறாகவே இருக்கும்.

கீழே உள்ள வரிசைக்குக் காரணம் உண்டு. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்ததில் வரும் எண்களுக்குப் பொருள் இருக்காது. முக்கியமாக, மூன்றாம் படியை முடிக்காமல் ஐந்தாவதுக்குப் போக வேண்டாம்.

## தொடங்கும் முன் கைவசம் வேண்டியவை

நிதி உறுப்பினரின் (வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் நிதிப் பொறுப்பு வகித்தவர்) பட்ஜெட் உரை மட்டும் போதாது. உரை என்பது வாதம். எண்கள் அந்த வாதத்துக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். உரையோடு நிதிச் செயலரின் விளக்கக் குறிப்பு வேண்டும், அதன் பின்னால் வரும் அட்டவணைகள் வேண்டும். 1921-க்குப் பிறகு என்றால் மானியக் கோரிக்கைகளும் (செலவுக்குச் சட்டசபையின் அனுமதி கேட்கும் ஏடுகள்) சட்டசபை விவாதங்களும் வேண்டும்.

இறுதிக் கணக்குகளுக்கு, நிதி மற்றும் வருவாய்க் கணக்குகள் என்ற தனித் தொகுதி ஆண்டுதோறும் வந்தது. சென்னை மாகாணத்தைப் பார்ப்பதானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண பட்ஜெட்டுகளைத் தேடலாம்.

இன்னொன்றும் தேவை: அந்தக் காலத்து நிதி உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல். போர்க்காலம் வில்லியம் மேயர், அடுத்து சிறிது காலம் ஜேம்ஸ் மெஸ்டன், பிறகு 1922 வரை மால்கம் ஹெய்லி, அவருக்குப் பின் பேசில் பிளாக்கெட். ஆள் மாறும்போது அட்டவணையின் அமைப்பும் மாறக்கூடும். எனவே புது ஆள் வந்த ஆண்டின் விளக்கக் குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

## 1. எந்த ஆண்டு, அட்டவணையின் எந்த நெடுவரிசை என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடியும். பட்ஜெட் மார்ச் 1-ஐ ஒட்டி வரும். அப்போது நடப்பு ஆண்டே முடிந்திருக்காது.

அதனால் ஒவ்வோர் ஏட்டிலும் மூன்று ஆண்டுகள் இருக்கும். 1922 மார்ச்சில் வந்த ஏட்டில் 1920-21-க்கு முடிந்த கணக்கு, 1921-22-க்குத் திருத்திய மதிப்பீடு, 1922-23-க்கு பட்ஜெட் மதிப்பீடு. 1921-22-ல் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய, 1923-ல் வந்த ஏட்டைத் திறக்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த 1921-22-ஐயே பாருங்கள். 1921 மார்ச்சில் ஹெய்லி புதிய வரிகளைப் போட்டு வரவும் செலவும் ஏறத்தாழ சரியாகும்படி காட்டினார். ஓராண்டு கழித்துத் திருத்திய மதிப்பீட்டில் பற்றாக்குறை சுமார் 34 கோடி ரூபாய். கடைசிக் கணக்கில் அது சுமார் 28 கோடி. ஒரே ஆண்டுக்கு மூன்று விடைகள். மூன்றுமே அச்சில் இருக்கின்றன.

புதியவர்கள் செய்வது என்ன? கையில் கிடைத்த ஏட்டிலிருந்து பட்ஜெட் மதிப்பீட்டையும், அடுத்த ஏட்டிலிருந்து திருத்திய மதிப்பீட்டையும் எடுத்து ஒரே வரிசையில் போட்டுவிடுகிறார்கள். வரைபடம் அழகாக வரும், ஆனால் பொருள் இருக்காது. ஐந்து ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு ஆண்டு தள்ளி வந்த ஏட்டைத் தேடி, முடிந்த கணக்கை மட்டும் எடுங்கள். அரசு என்ன எதிர்பார்த்து ஏமாந்தது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மூன்று நெடுவரிசைகளையும் தனித்தனியே வையுங்கள்.

## 2. அலகுகளைச் சரிசெய்யுங்கள்

2-8-0 என்று பார்த்தால் 2.8 என்று கணினியில் ஏற்றிவிடாதீர்கள். அது 2 ரூபாய் 8 அணா. 16 அணா ஒரு ரூபாய் என்பதால் தசமத்தில் 2.5. அதேபோல் 13-5-4 என்றால் 13 ரூபாய் 5 அணா 4 பை (12 பை ஓர் அணா), அதாவது பதின்மூன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இந்தப் பிழையை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணையின் தலைப்பில் ‘ஆயிரங்களில்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் கடைசி மூன்று சுழிகள் விடப்பட்டிருக்கின்றன. பக்கம் திரும்பும்போது இது மாறலாம்.

எடை அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. உப்பு வரி ஒரு மணங்குக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டது. அந்த மணங்கு அரசாங்க மணங்கு. 82 ராத்தலுக்குச் சற்று மேல், சுமார் 37 கிலோ. சென்னைப் பகுதியில் வழங்கிய மணங்கு சுமார் 25 ராத்தல்தான். சென்னை மணங்கைப் போட்டுக் கணக்கிட்டால் வரிச்சுமை மூன்று மடங்குக்கு மேல் பெருத்துவிடும்.

## 3. பவுண்டையும் ரூபாயையும் பிரித்தெடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அவசரப்பட வேண்டாம்.

இந்திய அரசின் செலவு இரண்டு இடங்களில் நடந்தது. ஒரு பகுதி இந்தியாவில், ரூபாயில். இன்னொரு பகுதி லண்டனில், பவுண்டில்: கடன் வட்டி, ரயில்வே வட்டி, ஓய்வூதியம், படைச் செலவின் ஒரு பங்கு, கொள்முதல். வருமானம் ஏறத்தாழ முழுக்க இங்கே ரூபாயில் வந்தது. எனவே ஒரு பவுண்டுக்கு எத்தனை ரூபாய் என்பது பட்ஜெட்டையே புரட்டிப் போடும் எண்.

போருக்கு முன் ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அதாவது பவுண்டுக்கு 15 ரூபாய். பட்ஜெட் அட்டவணைகளே பவுண்டில் போடப்பட்டன, 15-ஆல் வகுத்து. போரின்போது வெள்ளி விலை ஏறியது. ரூபாய் நாணயத்தை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தது. 1918-ல் அமெரிக்கா தன் கையிருப்பிலிருந்து 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்ற பிறகுதான் இங்கே நோட்டுக்கு நாணயம் கொடுக்க முடிந்தது. 1920 பிப்ரவரியில் லண்டனில் வெள்ளி அவுன்ஸுக்கு 89½ பென்ஸ் வரை போனது.

அந்த மாதம்தான் அரசு, நாணய விகிதத்தை ஆராய்ந்த பாபிங்டன் ஸ்மித் குழுவின் பரிந்துரையை ஏற்று, ரூபாயை 2 ஷில்லிங் தங்கம் என்று அறிவித்தது. பவுண்டுக்கு 10 ரூபாய் என்பது இலக்கு. அந்த விகிதத்தைத் தாங்கிப் பிடிக்க சுமார் 5.5 கோடி பவுண்டு அளவுக்கு லண்டன் உண்டியல்களை (இங்கே ரூபாய் கட்டி லண்டனில் பவுண்டாகப் பெறும் சீட்டுகள்) இங்கே விற்றார்கள். பிடிக்க முடியவில்லை. 1920 செப்டம்பரில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 1921-ல் சந்தையில் ரூபாய் பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் கணக்கேடு உடனே இறங்கவில்லை. பவுண்டுச் செலவுகளைப் பவுண்டுக்கு 10 ரூபாய் வீதம் அந்தந்தக் கணக்குத் தலைப்பில் எழுதிவிட்டு, மிச்ச இழப்பை மாற்று விகிதம் என்ற தலைப்பில் மொத்தமாகக் காட்டும் முறை சில ஆண்டுகள் இருந்தது. இதன் விளைவைக் கணக்குப் போட்டே பாருங்கள். லண்டனில் 3 கோடி பவுண்டு செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்:

- பவுண்டுக்கு 10 ரூபாய் (2 ஷில்லிங்) என்றால் 30 கோடி ரூபாய்.
- பவுண்டுக்கு 12 ரூபாய் (1 ஷில்லிங் 8 பென்ஸ்) என்றால் 36 கோடி.
- பவுண்டுக்கு 13-5-4 (1 ஷில்லிங் 6 பென்ஸ்) என்றால் 40 கோடி.
- பவுண்டுக்கு 15 ரூபாய் (1 ஷில்லிங் 4 பென்ஸ்) என்றால் 45 கோடி.

ஒரு பைசா கூடுதலாகச் செலவழிக்காமலேயே 15 கோடி வித்தியாசம். 1921-22-க்கான பட்ஜெட் 1 ஷில்லிங் 8 பென்ஸ் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. அந்த ஆண்டு ஏன் கவிழ்ந்தது என்பதில் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

அதனால் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு தலைப்பிலும் ‘இங்கிலாந்து’ என்று பிரித்துக் காட்டிய தொகையைத் தனியே எடுங்கள். ஏட்டில் எந்த வீதத்தில் மாற்றினார்கள் என்று விளக்கக் குறிப்பில் பார்த்து, அதைத் திரும்பப் பவுண்டாக்குங்கள். பிறகு எல்லா ஆண்டுகளுக்கும் அந்தந்த ஆண்டின் சராசரிச் சந்தை விகிதத்தில் ரூபாயாக்குங்கள். இரண்டாவதாக 15 ரூபாய் என்ற ஒரே வீதத்தில் இன்னொரு வரிசையும் போட்டு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நாணய மாற்றால் வந்த சுமை. மிச்சம்தான் உண்மையான செலவு உயர்வு.

## 4. மத்திய அரசா, மாகாணமா?

1921 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்தத் தொகைகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. முன்பு பல வரவினங்கள் இருவருக்கும் பொதுவாகப் பங்கிடப்பட்டன. இந்தியாவின் மொத்த வருவாய் என்ற எண்ணில் மாகாணங்களும் அடங்கும். 1919 இந்திய அரசுச் சட்டத்தின்படி வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டும் தனித்தனி. சுங்கம், வருமான வரி, உப்பு, அபின், ரயில்வே, தபால் தந்தி ஆகியவை மத்திய அரசுக்கு. நிலவரி, மதுவகைக் கலால், முத்திரைத்தாள், பாசனம், காடு ஆகியவை மாகாணங்களுக்கு.

இப்படிப் பிரித்ததில் மத்திய அரசுக்குத் துண்டு விழுந்தது. அதை அடைக்க மெஸ்டன் குழு மாகாணங்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையை நிர்ணயித்தது: மொத்தம் 983 லட்சம். இதில் சென்னை 348 லட்சம், ஐக்கிய மாகாணம் 240, பஞ்சாப் 175, பர்மா 64, வங்காளம் 63, பம்பாய் 56, மத்திய மாகாணம் 22, அசாம் 15. பீகார்–ஒரிசாவுக்கு எதுவும் இல்லை.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சென்னையின் தலையில்! காரணம் இருந்தது. நிலவரி முழுதும் மாகாணத்துக்கு வந்ததால் சென்னைக்கு 576 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று குழு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நீதிக்கட்சி அமைச்சர்கள் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பணமில்லை என்று சொன்னதைப் படிக்கும்போது இந்த 348 லட்சத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிதித்துறையும் அவர்கள் கையில் இல்லை. அது ஒதுக்கப்பட்ட துறை, அதாவது ஆளுநரும் அவரது நிர்வாகக் குழுவும் தம் கையில் வைத்துக்கொண்டது.

இங்கே வரும் பிழை இரட்டை எண்ணிக்கை. இந்தத் தொகை மாகாண ஏட்டில் செலவு, மத்திய ஏட்டில் வரவு. இரண்டையும் கூட்டி அகில இந்திய எண் போடுகிறவர்கள் இதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

## 5. மொத்தமா, நிகரமா?

ரயில்வே வரவு பல அட்டவணைகளில் நடத்தும் செலவைக் கழித்த பிறகே காட்டப்படும். ஆனால் ரயில்வேக்காக வாங்கிய கடனின் வட்டி செலவுப் பக்கத்தில் இருக்கும். வரவுப் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ரயில்வே லாபம் தருவதாகத் தோன்றும். வட்டியைக் கழித்தால் 1921-22-ல் அது சுமார் 9 கோடி நட்டம். போர்க்காலத்தில் தண்டவாளமும் வண்டிகளும் புதுப்பிக்கப்படாமல் தேய்ந்துபோயிருந்தன.

1924-ல் ரயில்வே நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. உங்கள் வரிசை அந்த ஆண்டைத் தாண்டினால், அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

படைச் செலவிலும் மொத்தம், நிகரம் என இரண்டு எண்கள் உண்டு. எதை எடுத்தாலும் சரி, எல்லா ஆண்டுக்கும் அதையே எடுங்கள்.

## 6. போர்ச் செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்

போர்ச் செலவு என்ற ஒரே தலைப்பைத் தேடினால் கிடைக்காது. அது குறைந்தது நான்கு இடங்களில் சிதறியிருக்கிறது.

முதலாவது படைத் தலைப்பு. 1913-14-ல் சுமார் 30 கோடியாக இருந்தது. 1920-21-ல் சுமார் 87 கோடி. ஐரோப்பியப் போர் முடிந்தும் இது ஏன் இறங்கவில்லை? 1919-ல் மூன்றாம் ஆப்கன் போர், அதைத் தொடர்ந்து வஜீரிஸ்தான் நடவடிக்கை. போர் முடிந்தது 1918 நவம்பர் என்று கோடு போடுபவர்கள் இங்கே குழம்புவார்கள்.

இரண்டாவது வட்டித் தலைப்பு. 1917-ல் இந்திய அரசு பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுண்டு கொடுப்பதாக ஏற்றது. கையில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. இங்கே போர்க்கடன் திரட்டி அனுப்பியது போக, மிச்சத்துக்கு பிரிட்டனின் கடனைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. எனவே அந்த அன்பளிப்பு ஆண்டுதோறும் சுமார் 60 லட்சம் பவுண்டுச் சுமையாக பட்ஜெட்டில் உட்கார்ந்தது. படைத் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

மூன்றாவது, பிரிட்டனிடமிருந்து திரும்பப் பெற வேண்டிய செலவு. பிரிட்டிஷ் போர் அலுவலகத்துக்காக இந்தியா இங்கே ரூபாயில் செலவழித்தது. அது லண்டனில் பவுண்டில் திருப்பித் தரப்பட்டது. இது வருவாய்க் கணக்கில் வராது. கடன், வைப்புத் தலைப்புகளில் கிடக்கும். பணம் லண்டனில் குவிய, இங்கே கருவூலத்தில் ரூபாய் இல்லாமல் போனது இதனால்தான்.

நான்காவது ஓய்வூதியம். தொகை சிறியது, ஆனால் பல ஆண்டுகள் நீடிக்கும்.

## 7. ஓட்டுக்கு வந்தது எது, வராதது எது?

1921-க்குப் பிறகு செலவைச் சட்டசபை ஓட்டுக்கு விட்டார்கள் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் இந்திய அரசுச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி படைச் செலவு, கடன் வட்டி, இந்தியா மந்திரியின் (லண்டனில் இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர்) ஒப்புதலோடு நியமிக்கப்பட்டவர்களின் சம்பளம் ஆகியவை ஓட்டுக்கே வராதவை. மத்திய செலவில் பாதிக்கும் மேல் இதிலேயே போய்விடும். மானியக் கோரிக்கை ஏட்டில் இரண்டும் வெவ்வேறு எழுத்தில் அல்லது தனி வரியில் இருக்கும், பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

செலவை மறுக்க முடியாத உறுப்பினர்கள் வரியை மறுத்தார்கள். அதனால்தான் உண்மையான சண்டை உப்பின் மேல் நடந்தது. 1922-ல் உப்பு வரியை மணங்குக்கு 1-4-0-விலிருந்து 2-8-0 ஆக இரட்டிப்பாக்கக் கேட்டார்கள், சபை மறுத்தது. அரசு பணிந்து, சுமார் 9 கோடி பற்றாக்குறையோடு பட்ஜெட்டை நிறைவேற்றியது. 1923-ல் பிளாக்கெட் மறுபடியும் அதையே கேட்டார். சபை மறுபடியும் மறுத்தது. இந்த முறை வைஸ்ராய் ரீடிங், 67பி பிரிவைக் கொண்டு, சபை மறுத்தாலும் இது அவசியம் என்று சான்றளித்து வரியைப் போட்டுவிட்டார். 1924-ல் வரி திரும்ப 1-4-0-வுக்கு வந்தது.

கிலோவாகப் பார்த்தால் அரை அணாவிலிருந்து ஒரு அணா. அதிகாரிகளுக்கு அது சில்லறை. கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அப்படியல்ல, உப்பை யாரும் வாங்காமல் இருக்க முடியாது. அந்த விவாதங்களை முழுதும் படியுங்கள். பட்ஜெட் எண்களுக்குப் பின்னால் யார் தோளில் எது ஏறியது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது.

## 8. வரி உயர்வை விகிதமாகவும் பாருங்கள், விலையோடும் பாருங்கள்

சுங்க வருமானம் ஏறியதற்கு வர்த்தகம் வளர்ந்தது காரணம் என்று எழுதும் முன் விகிதத்தைப் பாருங்கள். பொதுவான இறக்குமதி வரி போருக்கு முன் 5 சதவீதம், 1916-ல் 7½, 1921-ல் 11, 1922-ல் 15. விகிதம் மூன்று மடங்கானால் வருமானம் ஏறத்தான் செய்யும்.

அப்புறம் விலைவாசி. 1920-ல் மொத்த விலைகள் போருக்கு முந்தைய அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதைக் கழிக்காமல் செலவு இரண்டு மடங்கானது என்று சொன்னால் எதுவும் சொன்னதாகாது. அதேசமயம் நிலவரி பெரும்பாலும் நீண்டகாலத்துக்கு நிலையாக விதிக்கப்பட்டது. விலை ஏறினாலும் அது உடனே ஏறாது. மாகாண வருமானம் உள்ளுக்குள் சுருங்கியது இப்படித்தான்.

## 9. சிக்கனப் பரிந்துரையைச் சாதனையாக எண்ண வேண்டாம்

1922-23-ல் இன்ச்கேப் பிரபு தலைமையிலான குழு சுமார் 19 கோடி செலவைக் குறைக்கச் சொன்னது. அதில் பாதிக்கு மேல் படைச் செலவில். பலர் இந்த எண்ணை அப்படியே மிச்சமான பணம் என்று எழுதுகிறார்கள். அது பரிந்துரை. எவ்வளவு வெட்டினார்கள் என்று அறிய 1923-24-ன் முடிந்த கணக்கைப் பாருங்கள். அதாவது முதல் படிக்கே திரும்பிப் போங்கள்.

## 10. பற்றாக்குறை எதைக் கொண்டு அடைக்கப்பட்டது?

1918-19 முதல் 1922-23 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பற்றாக்குறை; மொத்தம் சுமார் 100 கோடி. அந்தப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அதை வருவாய் அட்டவணையில் தேடாதீர்கள். வழிவகை அறிக்கை என்ற தனிப் பகுதியில் இருக்கிறது.

அங்கே நான்கு வழிகளைக் காணலாம்: உள்நாட்டில் ரூபாய்க் கடன், லண்டனில் பவுண்டுக் கடன், குறுகிய கால ட்ரெஷரி பில்கள், நோட்டுக் காப்பு நிதியில் (வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடாக வைக்கும் இருப்பு) அரசின் சொந்தப் பத்திரங்களை வைத்து நோட்டு வெளியிடுவது. ஒவ்வொன்றின் விளைவும் வேறு. போருக்கு முன் 3½ சதவீதத்துக்குக் கடன் வாங்கிய அரசு, 1921-ல் லண்டனில் 7 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி வழி விலைவாசியைத் தூக்கும். பொதுமக்கள் கையில் உள்ள ட்ரெஷரி பில்லையும் காப்பு நிதியில் உள்ளதையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே பெயரில் அச்சாகியிருந்தாலும் முதலாவது கடன், இரண்டாவது நோட்டு அச்சடிப்பு.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. வருவாய்ப் பற்றாக்குறை, ரயில்வேக்கும் பாசனத்துக்கும் போட்ட மூலதனச் செலவு, அந்த ஆண்டு அடைத்த பழைய கடன் ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். மறுபக்கம் புதுக் கடன், ட்ரெஷரி பில் உயர்வு, காப்பு நிதியிலிருந்து எடுத்தது, கையிருப்புக் குறைவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். சில கோடிகள் உதைத்தால் முதலில் மூன்றாம் படியில் போட்ட மாற்று வீதத்தைப் பாருங்கள்; அது சரியென்றால் பிரிட்டனிடமிருந்து வர வேண்டிய தொகை எந்த வைப்புத் தலைப்பில் எழுதப்பட்டது என்று பாருங்கள். அனேகமாக இந்த இரண்டில் ஒன்றில்தான் பிழை இருக்கும்.